சொல்லிட்டு வந்தனுங்க

அலாரத்துக்கு முன்பே எழுந்துவிடுகிறேன். பல் தேய்க்கிறேன். பாலை மைக்ரோவேவில் வைத்துப் பொடிக் காபி கலக்குகிறேன். தொலைக்காட்சியில் வானிலை பார்க்கிறேன், ஒலி வைப்பதில்லை. சட்டை, அடையாள அட்டை, கார் சாவி. சுகர் லேண்டிலிருந்து ஐம்பத்தொன்பதாம் ஃப்ரீவேயில் வடக்கே, ஹூஸ்டனுக்கு. எண்ணெய்க் குழாய் போடும் கம்பெனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். சாயங்காலம் அதே ஃப்ரீவேயில் வீட்டுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெற்கே போகிறேன். வார்ட்டன் போகும் வழியில் ஒரு மாட்டுப் பண்ணை. அங்கே ஒரு கன்றைப் பார்த்துவிட்டு வருவேன். அது இப்போது கன்று இல்லை. கிடாரி. சினையாக இருக்கிறது.

அந்தக் கன்றை வெளியே எடுத்தவள் என் மனைவி எழிலரசி. அவள் இந்த நாட்டில் இருந்தது இரண்டே மாதம்.

எங்கள் நிச்சயம் தொண்ணூற்றைந்தில், வைகாசியில் நடந்தது. அவள் தாராபுரத்துக்குப் பக்கத்தில் அரசு கால்நடை மருந்தகத்தில் டாக்டர். எனக்கு இங்கே கிரீன் கார்டு வரப்போகிற நேரம். கார்டு வருவதற்கு முன் கல்யாணம் ஆகிவிட்டால் மனைவியையும் அதோடு சேர்த்துக் கூட்டி வரலாம், பின்னால் ஆனால் அவளுக்குத் தனியாக மனுப் போட்டு வரிசையில் நிற்க வேண்டும் என்று வக்கீல் சொன்னார். ஆனியில் இரண்டு ஜாதகத்துக்கும் பொருந்தின நாள் இல்லை. அடுத்தது ஆடி. பத்து நாள் லீவில் வந்து ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து மட்டும் போட்டுவிடுகிறேன், தாலி ஆவணியில் கட்டிக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"ஆடியில கையெழுத்துப் போட்டாலும் அது கல்யாணந்தான்டா," என்றார் அப்பா. "இத்தன வருசம் இருந்தவன் ஒரு மாசம் பொறுக்க மாட்டியா?"

பொறுத்தேன். ஆடிப் பதினெட்டு முடிந்த வாரம் கார்டு வந்தது. ஆவணியில் கல்யாணம். மனுப் போட்டேன். நாலைந்து வருஷம் ஆகும் என்றார்கள். எனக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த பையன்கள், கிரீன் கார்டே இல்லாதவர்கள், ஊருக்குப் போய்த் தாலி கட்டி அடுத்த மாதமே மனைவியோடு வந்து இறங்கினார்கள். அவர்கள் விசாவில் அதற்கு வழி உண்டு. என் கார்டில் இல்லை.

வருஷத்துக்கு ஒரு முறை நான் போவேன். மூன்று வாரம் இருப்பேன். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் போன்.

மனு நிலுவையில் இருக்கும்போது சுற்றிப்பார்க்கிற விசாவில் வந்து போகச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கொடுக்க மாட்டார்கள். புருஷன் அங்கே இருக்கிறான், மனுவும் இருக்கிறது, வந்தவள் திரும்பிப் போவாளா என்பதுதான் அவர்கள் கேள்வி. விண்ணப்பத்தில் ஒரு இடம் உண்டு: உங்களுக்காக யாராவது குடியேற்ற மனுப் போட்டிருக்கிறார்களா? கோயமுத்தூர் ஏஜென்ட் அதில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தான். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று நானும் சொன்னேன். எழில் சென்னைக்கு ரயில் ஏறினாள். தூதரக வாசலில் வரிசையில் நின்றபடியே அதை அடித்துவிட்டு 'ஆம்' என்று எழுதினாள். இரண்டு நிமிஷத்தில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"இப்ப சந்தோஷமா?" என்று போனில் கேட்டேன்.

"இல்லைன்னு எழுதியிருந்தா கெடச்சிருக்குமுங்களா?"

"கெடச்சிருக்கும்."

"அப்புறம் நாளைக்கு மனுவுக்குக் கூப்புடறப்ப, அன்னிக்கு இல்லைன்னியே, இன்னிக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பானுங்க. மாட்டுக்கு ஊசி போட்ட தேதியே நாங்க மாத்தி எழுத மாட்டமுங்க."

அடுத்த வருஷம் மறுபடி போனாள். மறுபடி 'ஆம்'. இந்த முறை வேறு அதிகாரி. நடந்ததை அவள் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

"உங்கள் கணவர் அங்கே. நீங்கள் ஏன் திரும்பி வருவீர்கள்?"

"மழைக்கு முன்னாடி மாடுகளுக்குத் தடுப்பூசி போடணும். எங்க மருந்தகத்துக்கு நான் ஒருத்திதான் டாக்டர்."

"நீங்கள் இல்லாவிட்டால் வேறு யாராவது போட மாட்டார்களா?"

"போடுவாங்க. மாடு உதைச்சா ஓடிப் போயிடுவாங்க."

அவர் சிரித்துவிட்டார். உங்களை உதைத்ததுண்டா என்று கேட்டார். அவள் முழங்கைக்குக் கீழே இருந்த தழும்பைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து காட்டினாள். அது உதைத்ததில்லை, கொம்பு என்றாள். பிறகு காங்கயம் மாட்டைப் பற்றிக் கேட்டாராம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கும் வரை சொல்லியிருக்கிறாள். கடைசியில் அவர், "இரண்டு மாதம் என்கிறீர்கள். இரண்டு மாதத்தில் வந்துவிடுவீர்களா?" என்றார்.

"வந்துடுவேன்."

சாயங்காலம் வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் வந்தாள். விமான நிலையத்தில் ஆறு மாதத்துக்கு முத்திரை குத்தினார்கள். "ரெண்டு மாசம் போதுமுன்னு சொன்னனுங்க. அவரு கேக்கல," என்றாள், அதிகமாகப் பரிமாறிவிட்ட மாதிரி.

முதல் ஞாயிறு பேர்லேண்ட் மீனாட்சி கோவில். இரண்டாவது ஞாயிறு சும்மா ஒரு சுற்றுப் போகலாம் என்று தெற்கே போனோம். வீடுகள் முடிந்து வெளி வந்தது. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"ஃப்ரீவேல நிறுத்தக் கூடாது எழில். என்னாச்சு?"

"திமிலுங்க! அந்த மாட்டுக்குத் திமில் இருக்குது!"

நான் அந்த வழியில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். மாடு நிற்கும், தெரியும். திமிலைப் பார்த்ததில்லை. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, பண்ணைச் சாலையில் திரும்பி வந்தோம். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பது ஐம்பது மாடுகள். சாம்பல் நிறம். திமில். தொங்கும் அலைதாடி. நீளக் காது. டெக்சாஸ் வெயிலில், அடிவானம் வரை புல்லில், நம் ஊர் மாடுகள்.

எழில் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன். எதைப் பார்த்து அப்படி நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. மாடுகளையா, அவளையா.

பிக்கப் வண்டி ஒன்று வந்தது. தொப்பி வைத்த வயதான ஆள், பண்ணைக்காரர் க்ராலிக். என்ன வேண்டும் என்று கேட்டார். எழில் அவரிடம் மாடுகள் எங்கிருந்து வந்தவை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இவற்றின் முப்பாட்டன்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவை என்றார் அவர். இந்த வெக்கையும் உண்ணியும் தாங்க வேறு மாட்டால் முடியாது என்றார். எழில் ஒவ்வொன்றாகக் கைகாட்டி இது ஓங்கோல் ரத்தம், இந்த நெற்றி கிர் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவள் மாட்டு டாக்டர் என்றதும் எங்கள் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

காரில் ஏறியதும் அவள் சொன்னாள்: "கப்பல்ல வந்துச்சாமுங்க. இதுகளுக்கு யாருங்க மனுப் போட்டாங்க?"

வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தோம். நான் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் க்ராலிக் போன் செய்தார். முதல் ஈற்றுக் கிடாரி ஒன்று காலையிலிருந்து முக்குகிறது, அவருடைய மாட்டு டாக்டர் வேறு மாவட்டத்தில் மாட்டிக்கொண்டார். "நெட்," என்றார்; நெடுஞ்செழியன் என்ற பெயரில் அவர் நாக்குக்கு எட்டியது அவ்வளவுதான். "உன் மனைவி டாக்டர் என்றாளே?"

போனோம். கொட்டகையில் கிடாரி படுத்திருந்தது. வாலுக்குக் கீழே ஒரே ஒரு குளம்பு நீட்டிக்கொண்டிருந்தது. எழில் சுடிதார் கையைத் தோள் வரை சுருட்டினாள். வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். தாலிக்கொடியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டாள். சோப்பை வாங்கித் தோள் வரை தேய்த்தாள். தரையில் ஒருக்களித்துப் படுத்தாள்.

கை முழுதும் உள்ளே போயிற்று. கன்னம் மாட்டின் தொடைமேல். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு காலு முட்டியில மடங்கிக்கிட்டிருக்குதுங்க," என்றாள், யாரிடமோ. "தலை சரியா இருக்குது. கன்னு உசுரோட இருக்குது. வெரலைச் சப்புது."

உள்ளே, இருட்டில், இன்னும் பிறக்காத ஒன்று அவள் விரலைச் சப்புகிறது. க்ராலிக் என்ன சொன்னாள் என்று கேட்டார். எனக்கு மொழிபெயர்க்க வரவில்லை.

மாடு முக்கும்போது அவள் சும்மா இருந்தாள். அது ஓய்ந்தபோது கன்றை உள்ளே தள்ளினாள். வெளியே எடுக்க வேண்டியதை ஏன் உள்ளே தள்ளுகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவள் தோள் நடுங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். குளம்பை உள்ளங்கையில் பொத்தி வளைத்துக் கொண்டு வருகிறாள் என்பது பிறகுதான் புரிந்தது. இல்லாவிட்டால் கர்ப்பப்பையைக் கிழித்துவிடுமாம். நெடுநேரம் போயிற்று. பிறகு இரண்டாவது குளம்பு முதலாவதின் பக்கத்தில் வந்து நின்றது.

"இப்ப இழுங்க. அது முக்கறப்ப மட்டும். நீங்களுந்தான், பாத்துக்கிட்டு நிக்கறீங்க!"

நானும் க்ராலிக்கும் இழுத்தோம். மூக்கு வந்தது, நாக்கு வந்தது, பிறகு மொத்தமாக வழுக்கிக்கொண்டு அவள் மடியில் விழுந்தது. அசையவில்லை. எழில் அதன் மூக்கை விரலால் வழித்தாள். வைக்கோலை எடுத்து மூக்குக்குள் விட்டுக் குடைந்தாள். அது தும்மியது.

நான் பொறியியல் படித்தவன். கோவிலில்கூட எனக்குக் கை தானாகக் குவிந்ததில்லை. அன்று குவிந்திருந்தது. வளையல்கள் உள்ளே இருந்தன.

"பொட்டக்கன்னுங்க," என்றாள் எழில். முகமெல்லாம் ரத்தமும் சளியும். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

க்ராலிக் ஒரு பெட்டி இறைச்சி கொடுக்க வந்தார். நாங்கள் அந்த இறைச்சி சாப்பிடுவதில்லை என்று சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு டின் பெக்கான் கொட்டை கொடுத்தார். கன்றுக்கு, டாக்டரைச் சுருக்கி, டாக் என்று பெயர் வைத்தார்.

இது நடந்தபின் அவளைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசே இல்லை. வாயைத் திறந்து கேட்கவும் தெரியவில்லை. அதைச் சாந்தாமணி அக்கா செய்தார். திருப்பூர்க்காரர், கோவிலில் பழக்கம். சாப்பாட்டுக் கூடத்தில் எழிலுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

"ஆறு மாசம் குத்திக் குடுத்துட்டான். நீ ரெண்டு மாசத்துல போறேங்கற. கிறுக்கா கண்ணு உனக்கு?"

"லீவு அவ்வளவுதானுங்க்கா."

"லீவாம் லீவு. ஆறு மாசம் இரு. அப்புறம் இன்னும் ஆறு மாசம் கேளு. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி அப்படித்தான் வந்து அப்படியே இருந்துட்டா. பழைய மனு இருக்கறவங்களுக்கு கொஞ்சம் ஃபைன் கட்டினா ஆச்சு. யாரு வந்து கதவத் தட்டறாங்க? மாட்டுக்கு ஊசி போடறதுக்கு அங்க ஆளா இல்ல?"

"இருக்காங்கக்கா. ஆனா நான் வந்துடறேன்னு சொல்லியிருக்கேன்."

"மாட்டுகிட்டயா?"

எல்லோரும் சிரித்தார்கள். எழிலும் சிரித்தாள். "மாட்டுகிட்ட சொல்லலீங்க்கா. அந்த ஆபீசர்கிட்ட."

"தம்பி, நீயாச்சும் சொல்லு," என்று அக்கா என் பக்கம் திரும்பினார். "வாயில கொழுக்கட்டையா? உன்ற பொண்டாட்டிதான?"

எதிரே புளியோதரையைக் கிளறிக்கொண்டிருந்த அக்காவின் மகள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "மாம், ஷி ஆல்ரெடி செட் நோ."

திரும்பும் வழியில், காரில், நானே கேட்டேன்.

"இருந்துடேன், எழில்."

இருக்க வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது. அது எனக்குத் தெரியும். வந்த நாளிலிருந்து அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் கார் ஓட்ட விட்டாள்.

"அவருகிட்ட சொல்லிட்டு வந்தனுங்க," என்றாள்.

"அந்தாளுக்கு உன்ன ஞாபகம்கூட இருக்காது."

"எனக்கு இருக்குதுங்களே."

கொஞ்சதூரம் போனபின், "நான் திரும்பிப் போனாத்தான் எனக்குப் பின்னாடி வர்றவளுக்கும் குடுப்பாரு," என்றாள். "நானும் அடுத்த மாசி மாசம் மறுபடி விசா கேப்பேன். ரெண்டு வருசந்தானுங்க. அப்புறம் நம்ம தேதி வந்துரும். நேரா கதவத் தொறந்துட்டு வரலாம்."

எனக்குள் ஏதோ எழுந்தது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது கோபம் இல்லை. ஆடிக்காக நான் ஒரு மாதம் பொறுத்தது, அப்பா சொன்னதால். இவளிடம் யாரும் பொறு என்று சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேர் தெரியாத ஒரு ஆளிடம் ஒரு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான். இத்தனை உறுதியான ஒன்று என் வீட்டில், என் பக்கத்து இருக்கையில், பெக்கான் கொட்டையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஏப்ரலில் போனாள். கேட் வரை கூடப் போனேன். "கன்னோட தொப்புள் காஞ்சிருச்சான்னு போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வரிசையில் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். போய்விட்டாள்.

பார்த்துவிட்டுச் சொன்னேன். காய்ந்திருந்தது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் பண்ணைக்குப் போய், வீட்டுக்கு வந்து போன் செய்து, அவள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்வேன். அவள் ஊசிகளைப் போட்டு முடித்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள் இருட்டியபின், கன்று போட முடியாமல் தவித்த ஒரு மாட்டைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது லாரி அடித்தது. தாராபுரம் சாலையில், மழையில்.

நான் போய்ச் சேரும்போது எல்லாம் தயாராக வைத்துக் காத்திருந்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது சுப்பையன் என்று ஒருவர் பக்கத்தில் வந்து நடந்தார். அன்று அவள் போய்ப் பார்த்த மாட்டின் சொந்தக்காரர். கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: "கெடாரிக்கன்னுங்க. தாயும் கன்னும் நல்லாயிருக்குதுங்க." அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையில் எண்ணெயும் சாணியும் மணத்தது.

ஆம்புலன்சில் என் பெயரைச் சொன்னாள் என்று அவள் அத்தை சொன்னார். என்னைப் பார்க்க வேண்டும் என்றாள் என்று மாமா சொன்னார். ஆம்புலன்ஸ் டிரைவரைத் தேடிப்போய்க் கேட்டேன். அம்மா பேசவே இல்லீங்க என்றார்.

மனுக்களின் தேதி எதுவரை வந்திருக்கிறது என்று மாதாமாதம் ஒரு பதிவு செய்த குரல் தொலைபேசியில் படிக்கும். எங்கள் மனுவை முடித்துவிடச் சொல்லி நான் எப்போதோ எழுதிவிட்டேன். ஆனாலும் அந்த எண்ணைக் கூப்பிடுகிறேன். போன மாதம் அந்தக் குரல் எங்கள் தேதியைத் தாண்டிப் படித்தது. இரண்டு வருஷம் என்று அவள் சொன்னது சரியாக இருந்தது. அவள் சொன்னது எல்லாமே சரியாகத்தான் இருந்தது. நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அன்று காரில் கோபம் என்று நான் நினைத்ததுதான் மறுபடி வந்தது. உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் க்ராலிக்கிடம் போனேன். டாக்கை விற்க மாட்டேன் என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அது வேலியோரம் வந்து என் கையை முகர்ந்தது. வயிறு இறங்கியிருந்தது. ஈனும்போது நான் இருக்க வேண்டும் என்றேன். போன் செய்கிறேன் என்றார் க்ராலிக்.

அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது அந்த ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காலை, அவளுக்கு இருட்டும் நேரம். டாக்கைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டார்கள், இரண்டும் கத்துகின்றன, பார்க்க முடியவில்லை என்று நான் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"பாலு மறக்கடிச்சா அப்படித்தானுங்க. வேலிக்கு அந்தப் பக்கம் தாயி நிக்கும், இந்தப் பக்கம் கன்னு நிக்கும். ரெண்டு மூணு நாளு கத்தும். அப்புறம் மேயப் போயிரும். நீங்க பயந்துக்காதீங்க." பிறகு யாரிடமோ, "வர்றேன், வர்றேன், மாடு எங்க நிக்குது?" என்றாள். பிறகு என்னிடம்:

"ஏனுங்க, வாசல்ல ஆளு வந்துட்டாங்க. மாடு கன்னு போட முடியாம கெடக்குதாம். ஒரு ரெண்டு மணி நேரங் கழிச்சுக் கூப்புடுங்க. இங்கதான் இருப்பேன்."